காது நறுக்கிய சீட்டு

ஓரன் பெல்டிங் எதையும் இரண்டு முறை பார்க்கிற ஆள். கட்டிய கோதுமை மூட்டையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டுவார். கொட்டகையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்தபின் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் ஒரு வசனத்தைச் சொன்னால், அது சொன்ன இடத்தில் இருக்கிறதா என்று மடியில் பைபிளைப் புரட்டிக்கொண்டிருப்பார். ஃபேர்லீ டவுன்ஷிப்பில் அவரைப் பிடிக்காதவர்கள் இருந்தார்கள். ஆனால் வேலித் தகராறு என்று வந்தால் அவர்களும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். சங்கிலி பிடித்து அளந்து அவர் முளை அடித்த இடத்தை யாரும் பிறகு மாற்ற வேண்டியிருந்ததில்லை.

1817இல் நியூயார்க் மாநிலத்தின் மேற்கே பிறந்தவர். அவருடைய அப்பா நாற்பது ஏக்கர் காட்டைத் திருத்தி, வீடு கட்டி, ஆப்பிள் நட்டு, அது காய்க்கத் தொடங்கிய வருஷத்தில் அந்த நிலம் தன்னுடையது இல்லை என்று தெரிந்துகொண்டார். நில ஏஜெண்டு நீட்டிய காகிதத்தை, அவன் வாய்ச்சொல்லை நம்பிப் படிக்காமல் கையெழுத்திட்டிருந்தார். மிச்ச காலத்தை இன்னொருவன் வயலில் கூலி வேலை செய்து கழித்தார். ஓரன் இருபது வயதில் கோடரியும் ஒரே ஒரு எருதுமாக மிச்சிகனுக்கு வந்தார்.

ஒற்றை எருதை வைத்துக்கொண்டு ஓக் மரக்காட்டை உழ முடியாது. பக்கத்து நிலத்துக்கு அதே வசந்தத்தில் வந்த ஜேபஸ் ஸ்டோடார்ட்டிடமும் ஒன்றுதான் இருந்தது. இருவரும் இரண்டு எருதுகளையும் ஒரே நுகத்தில் பூட்டி, ஒரு நாள் இவர் நிலம், ஒரு நாள் அவர் நிலம் என்று ஐந்து வருஷம் உழுதார்கள். குளிர்காய்ச்சல் வந்து ஓரன் மூன்று வாரம் படுத்துக் கிடந்தபோது ஜேபஸ்தான் வந்து சோளக்கூழ் ஊட்டினார். ஓரன் பெர்சிஸ் கீலரைக் கல்யாணம் செய்துகொண்டபோது மாப்பிள்ளைத் தோழனும் ஜேபஸ்தான். பெரிய உருவம், உரத்த சிரிப்பு. எந்த வீட்டு அடுப்படியிலும் கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

பிறகு இருவரும் மெரினோ என்ற கம்பளி ஆடு வளர்த்தார்கள். எங்கள் பக்கம் ஆடுகள் வேலி தாண்டிக் கலந்துவிடும் என்பதால் ஒவ்வொருவரும் ஆட்டின் காதில் ஒரு குறி வெட்டி, அதை டவுன்ஷிப் கிளார்க்கிடம் எழுதி வைப்பார்கள். ஸ்டோடார்ட் குறி, வலது காதின் நுனியை நறுக்கியது. பெல்டிங் குறி, இடது காதின் கீழோரத்தில் சின்ன முக்கோண வெட்டு. கிளார்க் ஈனோஸ் வாட்ரஸுக்குப் பிறகு அந்தப் பதிவேடுகள் என்னிடம் வந்தன. இரண்டு குறிகளும் ஒரே பக்கத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கின்றன.

1858 ஏப்ரலில் டவுன்ஷிப் தலைவர் பதவிக்கு இந்த இருவரும் எதிரெதிரே நின்றார்கள். கட்சிச் சண்டை இல்லை. ஓடைக்குப் பாலம் எங்கே போடுவது என்பதுதான் கேள்வி. பெல்டிங் நிலத்துப் பக்கம் மேல்துறையிலா, ஸ்டோடார்ட் நிலத்துப் பக்கம் கீழ்த்துறையிலா? வருகிற தலைவர் முடிவு செய்வார்.

அப்போது எங்கள் டவுன்ஷிப்பில் ஒரு வழக்கம் இருந்தது. தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்வது கேவலம். அதனால் தேர்தல் நாளன்று பள்ளிக்கூடத்தில், எல்லோரும் பார்க்க, போட்டியிடுகிற இருவரும் கணப்பு அடுப்பின் முன் நின்று கை குலுக்குவார்கள். ஒவ்வொருவரும் தன் பெயர் எழுதி மடித்த சீட்டை மற்றவர் கையில் கொடுப்பார். வாங்கியவர் அதைப் பிரிக்காமல் பெட்டியில் போட வேண்டும். பிரித்துப் பார்ப்பது, கொடுத்தவனைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம்.

அன்று காலை சமையலறையில் ஓரன் தன் சீட்டை எழுதிவிட்டு மனைவியின் தையல் பெட்டியைத் திறந்தார்.

"என் கத்தரிக்கோல் எதுக்கு, மிஸ்டர் பெல்டிங்?" என்றாள் பெர்சிஸ்.

"காகிதம் நீளமாப் போச்சு."

அவர் நறுக்கியது நீளத்தை அல்ல. சீட்டின் இடது கீழோரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு முக்கோணம். தன் ஆட்டுக்கு வெட்டுகிற அதே வெட்டு. ஜேபஸ் சீட்டைப் போடுகிறாரா, மாற்றிவிடுகிறாரா என்று தெரிய வேண்டும். பாலம் வரப்போகிற வருஷம். அப்பாவைப் போல வாய்ச்சொல்லை நம்பிக் கைகட்டி நிற்க அவர் தயாராக இல்லை.

அடுப்பின் முன் கை குலுக்கினார்கள். ஜேபஸ் சீட்டை வாங்கிக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே ஒரு கணம் பிடித்திருந்தார். ஓரனின் முகத்தைப் பார்த்தார்.

"காகிதத்துலகூட சிக்கனமா, ஓரன்? இதை எறும்புதான் தூக்கிட்டுப் போகணும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஓரன் தன் கையில் இருந்ததை உடனே பெட்டியில் போட்டார். அந்த நேரம் வெளியே ஜேபஸின் குதிரை மிரண்டு வண்டியை இழுத்தது. ஜேபஸ் சீட்டோடு வெளியே ஓடினார். ஐந்து நிமிஷம் கழித்து வந்து பெட்டியில் ஒரு சீட்டைப் போட்டார். அந்த ஐந்து நிமிஷத்தை ஓரன் கடைசிவரை மறக்கவில்லை.

ஓட்டு எண்ணும்போது போட்டியாளர்கள் உள்ளே இருப்பதில்லை. ஓரன் தன் மைத்துனன் லூதர் கீலரை ஏற்பாடு செய்திருந்தார். பெர்சிஸின் தம்பி. எங்கே ஆப்பிள் பலகாரம் சுடுகிறார்களோ அங்கே இருப்பான், எங்கே வேலை நடக்கிறதோ அங்கே இருக்க மாட்டான். ஆனால் அக்கா புருஷன்மேல் பிரியம் உள்ளவன். கிளார்க் படித்துப் போடும் சீட்டுகளை ஊசியால் நூலில் கோப்பது அவன் வேலை. சாயங்காலம் வேலியோரம் வந்து சொன்னான்.

"ஸ்டோடார்ட் நாப்பத்திரெண்டு, நீங்க நாப்பத்தொண்ணு, மச்சான். ஒரே ஓட்டு."

"அது?"

"காது வெட்டினது ஒண்ணுகூட வரல."

"நல்லாப் பாத்தியா?"

"எண்பத்து மூணையும் என் கையாலதான் கோத்தேன். இனி ஆட்டைக் கூட்டியாந்து மோந்து பாக்கச் சொல்லவா?"

ஓரன் சிரிக்கவில்லை. ஒரே ஓட்டு. ஜேபஸ் அந்த வெட்டு வைத்த சீட்டைப் போட்டிருந்தால் கணக்கு அப்படியே தலைகீழாகியிருக்கும்.

ஜேபஸ் அன்றே தேடி வந்து கையைப் பிடித்தார். "மனசுல வெச்சுக்காதே. அடுத்த வருஷம் நீ நில்லு, நான் ஒதுங்கிக்கிறேன்."

குற்றம் செய்தவன்தான் இப்படிப் பேசுவான் என்று ஓரன் நினைத்தார். வாய்விட்டுக் கேட்க முடியாது. கேட்டால், சீட்டில் குறி வைத்ததைச் சொல்ல வேண்டும். அது அந்த ஊரில் சீட்டை மாற்றுவதைவிடப் பெரிய அசிங்கம்.

பாலம் கீழ்த்துறையில் வந்தது. மாவரைக்கப் போகும்போதெல்லாம் ஓரன் அதைக் கடந்தார். ஒவ்வொரு முறையும் பலகைகளைக் குனிந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அவர் ஜேபஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இருவரும் பங்கு போட்டு வாங்கியிருந்த தூற்றும் எந்திரத்தில் தன் பங்கை விற்றுவிட்டார். ஜேபஸ் வைக்கோல் வண்டி ஓட்டிப் போனால், எந்த வயலிலிருந்து என்று எட்டிப் பார்ப்பார். டவுன்ஷிப் தலைவராக வரிக்கு நிலத்தை மதிப்பிட ஜேபஸ் வந்தால் கூடவே நடப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். ஜேபஸின் புதுக் கொட்டகைக்கு ஊரே கூடி மரச்சட்டம் தூக்கி நிறுத்திய அன்று போகாமல் இருக்க முடியவில்லை, போகாதவனை ஊர் கவனிக்கும். போனார். தான் தாங்கப்போகும் மரத்தின் முளை ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிப் பார்த்த பிறகே தோள் கொடுத்தார். உள்நாட்டுப் போரின்போது படைக்கு ஆள் எடுக்கும் பட்டியலில் அவர் மகன் பெயர் வந்தது. பட்டியலை எழுதியவர் ஜேபஸ். ஜேபஸின் மகன் பெயரும் அதே பக்கத்தில் இருந்ததை ஓரன் பார்த்தார். அதைத் தன்னை ஏமாற்றச் செய்த வேலை என்றே எடுத்துக்கொண்டார். பெல்டிங் மகன் திரும்பி வந்தான். ஸ்டோடார்ட் மகன் டென்னசியில் வயிற்றுப்போக்கில் செத்தான். அந்த வீட்டுக்கு ஓரன் பெர்சிஸை மட்டும் அனுப்பினார்.

அந்தச் சந்தேகத்துக்கு லூதர் அவ்வப்போது விறகு போட்டுக்கொண்டிருந்தான். "அவன் சிரிப்பைப் பாருங்க மச்சான். சுத்தமான மனுசன் அவ்வளவு சத்தமா சிரிப்பானா?"

1870இல் ஜேபஸ் மாநிலச் சட்டசபைக்கு நிற்கப்போகிறார் என்று பேச்சு வந்தது. செப்டம்பரில் கட்சிக் கூட்டம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும். ஜேபஸுக்கு எதிரி என்று சொல்ல, மாவட்டத் தலைநகரில் ஒரு வக்கீல் மட்டும்தான். பிப்ரவரியில் ஒரு மதியம், கடை அடுப்பைச் சுற்றிப் பத்துப் பேர் இருக்கும்போது ஓரன் சொன்னார்:

"செப்டம்பர் வரட்டும். அந்தக் கூட்டத்துல எந்திரிச்சு ஸ்டோடார்ட்டைப் பத்தி ஒண்ணு சொல்லப் போறேன். சொன்னதுக்கப்புறம் போடுங்க உங்க ஓட்டை."

"இப்பவே சொல்லேன்ப்பா, அடுப்பும் சூடா இருக்கு," என்றார்கள்.

சொல்லவில்லை. மறுநாளே அந்தப் பேச்சு எட்டுத் திசையும் போயிற்று. பெல்டிங் அளந்து பேசுகிறவர். அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

அந்த ஏப்ரல் தேர்தலில் வழக்கமாக மேற்பார்வைக்கு உட்காரும் நீதிபதிக்குக் காய்ச்சல். அந்த இடத்தில் ஓரனை உட்கார வைத்தார்கள். பெட்டிக்கு இந்தப் பக்கம் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. ஓட்டு முடிந்ததும் ஈனோஸ் வாட்ரஸ் சீட்டுகளை மேசையில் கொட்டி, பிரிக்காமலே எண்ணினார்.

"நூத்தி முப்பத்திரெண்டு. பட்டியல்ல எவ்வளவு?"

"நூத்தி முப்பத்தொண்ணு," என்றார் ஓரன். சொன்னவுடனே நிமிர்ந்தார். "எவனோ ரெண்டு போட்டிருக்கான்!"

"போட்டிருக்கலாம். ரெண்டு ஒட்டிக்கிட்டும் வந்திருக்கலாம்." ஈனோஸ் எல்லாவற்றையும் மறுபடி பெட்டியில் போட்டுக் குலுக்கினார். கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டார். உள்ளே கைவிட்டு ஒரு சீட்டை எடுத்தார். தட்டுத் தடுமாறி அடுப்புக் கதவைத் திறந்து அதை உள்ளே எறிந்தார்.

"என்னய்யா பண்றே!"

"சட்டம் சொல்றதை. ஜாஸ்தியா இருந்தா, பாக்காம ஒண்ணை எடு, பிரிக்காம எரி. இருபத்தி நாலு வருசமா இதைத்தான் பண்றேன். கத்தாதே, காது அடைக்குது."

ஓரன் அடுப்புக் கதவைப் பார்த்தார். "அம்பத்தெட்டுல?"

"முதல்ல இந்த வருசத்தை முடிப்போமா?"

முடித்தார்கள். பிறகு ஈனோஸ் பழைய பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். அந்த வரி இப்போதும் இருக்கிறது. 'பட்டியலில் பெயர் 83. பெட்டியில் சீட்டு 84. ஒன்று எடுத்து எரிக்கப்பட்டது.'

"லூதர் ஒண்ணும் சொல்லலையே."

"லூதர் எங்க இருந்தான்? பொம்பளைங்க பலகாரம் வெச்சிருந்த மேசைகிட்ட. பிரிக்க ஆரம்பிச்சப்புறம்தான் வாயைத் துடைச்சுக்கிட்டு வந்தான்."

"எரிச்சது யாரு சீட்டு?"

"தெரியக் கூடாதுன்னுதானேப்பா கண்ணைக் கட்டறது?"

"கைக்குத் தட்டுப்பட்டிருக்குமே. ஓரத்துல வெட்டு மாதிரி..."

ஈனோஸ் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "ஓரத்தைப் பத்தி உனக்கு என்ன தெரியும், ஓரன்?"

ஓரன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் காலை லூதர் மேப்பிள் மரப்பாலைச் சர்க்கரைப் பாகாகக் காய்ச்சிக்கொண்டிருந்த காட்டுக் கொட்டகைக்கு ஓரன் போனார். லூதர் அகப்பையை நக்கிக்கொண்டிருந்தான்.

"வாங்க மச்சான், ருசி பாருங்க."

"அம்பத்தெட்டுல, மடிச்ச சீட்டை எண்ணும்போது நீ ஏன் உள்ள இல்ல?"

லூதரின் அகப்பை நின்றது. "பசி."

"லூதர்."

"சரி, பயம். இப்ப என்ன? பன்னெண்டு வருசமாச்சு." சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "உங்களுக்காக ரெண்டு சீட்டுப் போட்டேன். ஒண்ணுக்குள்ள ஒண்ணை மடிச்சு. பெட்டிக்குள்ள விழும்போது தனித்தனியாப் போச்சு. எண்ணும்போது மாட்டிக்குவோமோன்னு வெளிய நின்னேன். அப்புறம் உள்ள வந்தா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. தப்பிச்சோம்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சந்தோசப்படற ஆளா?"

ஓரன் அந்தக் கொட்டகையிலேயே ஒரு விறகுக் கட்டையில் உட்கார்ந்து யோசித்தார். ஜேபஸ் ஒழுங்காகச் சீட்டைப் போட்டார் என்று வைத்துக்கொண்டால், லூதரின் கள்ளச்சீட்டையும் சேர்த்து இருவருக்கும் நாற்பத்திரண்டு. அதில் வெட்டு வைத்த சீட்டு அடுப்பில் போனால் தனக்கு நாற்பத்தொன்று. படித்த கணக்கு சரியாக வருகிறது. கள்ளச்சீட்டே இல்லாமல் எண்ணியிருந்தாலும் அதே நாற்பத்திரண்டு, நாற்பத்தொன்றுதான். அப்படியானால் அவர் தோற்றது நியாயமாகவே. அன்று நடந்த ஒரே திருட்டு அவர் வீட்டு ஆள் செய்தது, அதுவும் அவருக்காக.

இது நடந்திருக்கலாம். நடந்தது என்று யாராலும் காட்ட முடியாது.

செப்டம்பருக்கு ஐந்து மாதம் இருந்தது. வாயை மூடிக்கொண்டால் போதாது. 'பெல்டிங்குக்கு ஏதோ தெரியும்' என்ற பேச்சு ஜேபஸைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. அதைக் கிளப்பியவர்தான் அடக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பேச்சே ஜேபஸைத் தோற்கடிக்கும். பெர்சிஸ் ஒரே வழிதான் சொன்னாள்: "அவர் வீட்டுக்குப் போங்க, மிஸ்டர் பெல்டிங். கதவைத் தட்டுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க. மிச்சத்தை அவர் பாத்துக்குவார்."

மூன்று முறை போனார். இரண்டு முறை வாசல் கம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். குறி வைத்ததைத் தனியாக ஒப்புக்கொண்டால் ஜேபஸின் கையில் ஓர் ஆயுதம் கிடைக்கும், செப்டம்பருக்கு முன் அதை அவர் வெளியே எடுத்துவிட்டால்? மூன்றாம் முறை ஜேபஸ் கொட்டகைக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்.

"யாரது?"

"நான்தான். என் ஆடு ஒண்ணு இந்தப் பக்கம் வந்துச்சான்னு..."

"வரல."

கொட்டகைக்குள் கவைக்கோல் வைக்கோலைக் கிளறும் சத்தம் கேட்டது. ஓரன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

கூட்டம் மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தில் நடந்தது. அறுபது பேர் ஓட்டுரிமையோடு வந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க அதற்கு மேல். ஓரன் எழுந்ததும் புகையிலை மெல்லுகிற வாய்கள்கூட நின்றன. அவர் பேச்சுக்காரர் அல்ல. எல்லை அளந்து சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னார். தான் சீட்டில் வெட்டு வைத்தது, அது வராமல் போனது, பன்னிரண்டு வருஷம் ஜேபஸைத் திருடன் என்று நினைத்தது, ஒரு சீட்டு எரிந்ததை இந்த ஏப்ரலில்தான் அறிந்தது.

"அதிகப்படி சீட்டு எங்க வீட்டு ஆள் ஒருத்தன் எனக்காகப் போட்டது. எரிஞ்சது என் சீட்டாத்தான் இருக்கணும். ஜேபஸ் ஸ்டோடார்ட் மேல நான் வெச்ச சந்தேகம் தப்பு. அதைச் சொல்லத்தான் எந்திரிச்சேன்."

உட்கார்ந்தார். பிறகு பின்வரிசையிலிருந்து கால்வின் ட்ரிப் பேசினான். வக்கீலின் ஆள், நாக்கு நீண்டவன்.

"எண்பத்து நாலு சீட்டுல சரியா அந்த ஒண்ணு மட்டும் அடுப்புல விழுந்துச்சாக்கும்! கெட்டிக்கார அடுப்புய்யா. எங்க ஊருக்கு ஒண்ணு வாங்கித் தாங்க."

கட்டடம் அதிரச் சிரித்தார்கள். இன்னொரு குரல்: "கையில சீட்டோட குதிரையைப் பாக்கப் போனாராமே? குதிரைக்கும் ஓட்டு உண்டா?"

"நான் சொன்னது அது இல்ல!" ஓரன் மறுபடி எழுந்தார். குதிரையைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. அன்று பார்த்த யாரோ பன்னிரண்டு வருஷம் கழித்து நினைவுபடுத்திக்கொண்டார்கள். "அவர் போட்டார்னுதான் நான் சொல்றேன்!"

"நீ பாத்தியா?" என்றான் ட்ரிப்.

ஓரனால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. ஜேபஸ் பெட்டியில் போட்டது எந்தச் சீட்டு என்று அவர் பார்க்கவில்லை.

ஜேபஸ் மெல்ல எழுந்தார். அன்று அவர் சிரிக்கவில்லை.

"அந்த வெட்டு என் கட்டைவிரலுக்குத் தெரிஞ்சுது. அந்தக் காதைப் பிடிச்சு வருசத்துக்கு இருபது தடவை என் வேலியிலேருந்து இழுத்து விட்டவன் நான். எனக்குத் தெரியாதா? வாங்கின நிமிசமே தெரியும், இவன் என்னை நம்பலன்னு."

"அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று யாரோ கத்தினார்கள்.

ஜேபஸ் அந்தப் பக்கம் திரும்பினார். "முப்பத்திமூணு வருசமா இந்த மாவட்டத்துல இருக்கேன். அதுக்கும் நான் பதில் சொல்லித்தான் ஆகணும்னா, சொல்லாமலே வீட்டுக்குப் போறேன்."

உட்கார்ந்துவிட்டார். வக்கீலுக்கு முப்பத்து மூன்று, ஜேபஸுக்கு இருபத்தேழு. காலையில் ஜேபஸ் பக்கம் நாற்பதுக்குக் குறையாது என்று அந்த வக்கீலே சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளியே வண்டிகளுக்கு நடுவே ஓரன் அவரைத் தேடிப் பிடித்தார்.

"உன்மேல இருந்ததைத் துடைக்கத்தான் நெனச்சேன், ஜேபஸ்."

"என்மேல ஒண்ணும் இல்லையே. உன் மனசுல இருந்துச்சு. பிப்ரவரியில அதைக் கடை அடுப்புகிட்ட கொண்டாந்தே. இன்னிக்கு அறுபது பேருக்குப் பங்கு போட்டே." குதிரையின் வாரை இறுக்கினார். "என் வாசல்ல வந்து ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா, நானே கூட வந்து உன் பக்கத்துல நின்னிருப்பேன். வந்தே, மூணு தடவை. பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

வண்டி ஏறிப் போய்விட்டார்.

அடுத்த ஏப்ரலில் போட்டியிட்ட இருவர் அடுப்பின் முன் நின்றார்கள். ஒருவர் சீட்டை நீட்டினார். மற்றவர் அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நான்கு ஓரத்தையும் பார்த்தார். நீட்டியவர் பட்டென்று பிடுங்கிக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் டவுன்ஷிப்பில் அவரவர் சீட்டை அவரவரே போடுகிறார்கள். அவரவருக்கே போட்டுக்கொள்கிறார்கள் என்றும் எல்லோருக்கும் தெரியும்.

லூதர் இரண்டு குளிர்காலம் அக்கா வீட்டுப் படி ஏறவில்லை. ஓரன் அவன் பெயரைச் சொல்லாவிட்டாலும், பெல்டிங் வீட்டு ஆள் என்றால் வேறு யார்? பெர்சிஸ் ஒரே தடவை சொன்னாள்: "அவர் வீட்டுக்குப் போங்கன்னேன். ஊருக்கு நடுவுல என் தம்பியைக் கொண்டுபோய் நிறுத்தினீங்க." ஓரனை வேலித் தகராறுகளுக்குக் கூப்பிடுவது குறைந்தது. கூப்பிட்டவர்களும் அவர் அளக்கும்போது சங்கிலியின் மறுமுனையில் ஒரு ஆளை நிறுத்தினார்கள். அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் அந்த இடத்தில் இருந்திருந்தால் இரண்டு பேரை நிறுத்தியிருப்பார். 1889இல் நிமோனியாவில் இறந்தார். ஜேபஸ் அதற்கு மூன்று வருஷம் கழித்து. அந்தச் சீட்டைப் பற்றி ஜேபஸ் யாரிடமும் சொல்லவில்லை. ஓரன் ஒரு முறை கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.

1876 ஜூன். ரோமம் வெட்டுமுன் ஆடுகளை ஓடையில் கழுவும் நாட்கள். பாலத்துக்குக் கீழே இருக்கிற மடுதான் எல்லோருக்கும் வசதி. அன்று பெல்டிங் மந்தையும் ஸ்டோடார்ட் மந்தையும் ஒரே நேரத்தில் வந்துவிட்டன. ஆள் போதவில்லை. இரண்டு கிழவர்களும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒருவர் ஆட்டைப் பிடிக்க, ஒருவர் ரோமத்தைப் பிழிந்து அழுக்கெடுக்க, ஆடு யாருடையது என்று பார்க்காமல் காலையிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். நான் கரையிலிருந்து ஆடுகளைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். ஆறு வருஷத்தில் அவர்கள் இருவரும் அவ்வளவு பக்கத்தில் நின்று நான் பார்த்ததில்லை.

ஓரன் ஒரு பெட்டை ஆட்டின் தாடையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடித்துக்கொண்டு, தலை நிமிராமல் கேட்டார்.

"ஜேபஸ். சீட்டைப் போட்டியா?"

ஜேபஸின் கைகள் ரோமத்துக்குள் நின்றன. என்ன கேட்கிறார் என்று விளக்கம் கேட்கவில்லை.

"அன்னிக்கே கேட்டிருந்தா அந்த இடத்துலயே சொல்லியிருப்பேன்."

"இப்பக் கேக்கறேன்."

"இப்ப நான் போட்டேன்னு சொன்னா நம்புவியா?"

ஓரன் யோசித்தார். வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள் அல்ல அவர். ஆடு இரண்டு தடவை உதைத்து அவர் முகத்தில் தண்ணீரை அடித்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"தெரியல," என்றார்.

ஜேபஸ் பெட்டையைக் கரைப்பக்கம் தள்ளிவிட்டார்.

"அப்ப அடுத்ததைப் பிடி."